இருபதும் இடப்பக்கம்

புல்லட் வண்டிக்கு மாட்டும் சைடு பை, பத்து ஜோடி. என் பட்டறைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அதுதான். ஒரகடத்தில் வேலை பார்க்கும் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமையானால் ஏலகிரி, ஜவ்வாது மலை என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள், அவர்கள் கேட்டது. மூடி சதுரமாக இருந்தால் தபால்காரர் பை மாதிரி தெரியும் என்று, முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் சரிந்தும் வருகிற மாதிரி வரைந்திருந்தேன். மூன்று மில்லிமீட்டர் எருமைத் தோல். இரண்டு நாள் மணிக்கட்டு வலிக்க வெட்டி, இருபது மூடிகளையும் அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் தைக்க எடுத்தபோதுதான் உறைத்தது. இருபதும் இடப்பக்கத்து மூடி.

துணியாக இருந்திருந்தால் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டுப் போயிருப்பேன். தோலுக்கு முகம் ஒரு பக்கம்தான். மறுபக்கம் சதைப்பக்கம், நார் நாராக, மங்கலாக, யாருக்கும் காட்ட முடியாதபடி இருக்கும். பத்து மூடி வீண். வெட்டும்போது பாதியில் அட்டையைத் திருப்பிப் போட மறந்தேன், அவ்வளவுதான் நான் செய்த தப்பு. அந்தப் பத்தும் பிறகு சாவிக்கொத்தாகவும் கண்ணாடிக் கூடாகவும் மாறின. இன்றைக்கும் இரண்டு மிச்சம் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் பத்தடிக்கு இருபத்திரண்டடி ஷட்டர் கடை ஒன்றில் என் தோல் பட்டறை இருக்கிறது. நானும் இன்னும் இரண்டு பெண்களும். அதற்கு முன் பதினோரு வருஷம் கம்பெனி வேலை. முதலில் ஷூவுக்கு அப்பர் என்கிற மேல்பகுதி தைக்கும் இடத்தில், பிறகு கார் சீட்டு உறை வெட்டும் இடத்தில். தோல் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்த மெஷின் வாங்கலாம்?" தோலின் மேல் எதை எங்கே வைத்து வெட்டுவது, அறைக்குள் எதை எங்கே வைத்து உட்காருவது என்று ஒருவரும் கேட்டதில்லை. பணம் அந்த இரண்டு இடத்தில்தான் ஓட்டையாகிறது.

எங்கள் வட்டாரத்தைப் பற்றிக் கேட்டால் கார், போன், டயர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஹூண்டாய் இருப்பது ஊருக்கே தெரியும். அதே சிப்காட்டுக்குள் காலணிப் பூங்கா என்று ஒரு பகுதி இருப்பதும், காலணி வடிவமைப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துக்கு அங்கே வளாகம் இருப்பதும், தினமும் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் காலணிப் பயிற்சி நிலையம் 1957 முதல். இந்தப் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையில் வண்டியை விட்டால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பதனிட்ட தோல் அந்தச் சாலை வழியாகத்தான் பெரியமேட்டு மண்டிக்குப் போகிறது. நாங்கள் நடுவழியில் உட்கார்ந்திருக்கிறோம்.

சீட்டு உறை கம்பெனியில் பெரும்பாலும் ரெக்சின்தான் ஓடும். நீளமான மேஜையில் இருபது அடுக்கு விரித்து, மேலே கோடு போட்ட காகிதத்தை வைத்து, ஒரே வெட்டில் இருபது சீட்டுக்கு எடுத்துவிடலாம். முதல் அடுக்கும் இருபதாவது அடுக்கும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். உண்மைத் தோல் வரும் நாளில் அந்த மேஜையே அமைதியாகிவிடும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியாது; ஒவ்வொரு தோலுக்கும் ஓரம் வேறு, பழுது வேறு. ஒவ்வொன்றாக விரித்து, பழுதுகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டால், மேலே இருக்கும் கேமரா அந்த வட்டங்களைப் படித்துக்கொண்டு, அவற்றைத் தவிர்த்துத் துண்டுகளை எங்கே வைக்கலாம் என்று கம்ப்யூட்டர் போட்டுக் காட்டும். ஆனாலும் வட்டம் போடுவது ஆள்தான்.

அந்த ஆளாக இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஆம்பூர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய். நான் சேர்ந்த முதல் வாரம் கத்தியைக் கையில் தரவே இல்லை.

"கத்தி அப்புறம்மா. இது எப்படி வாழ்ந்துச்சுன்னு முதல்ல பாரு."

தோலை முகம் மேலே தெரிய விரித்து, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, கழுத்திலிருந்து வால் வரைக்கும் மெதுவாகத் தடவுவார், மாவு பிசைவதற்கு முன் பதம் பார்ப்பது போல. உண்ணி கடித்த இடம் சின்னச் சின்னப் புள்ளியாகக் கையில் நெருடும். முள்வேலி கிழித்த கோடு ஆறியிருந்தாலும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ஆட்டுத் தோலில் அம்மைத் தழும்பு. சூடு போட்ட மாடென்றால் அந்த இடம் கெட்டியாக, சாயம் ஏறாமல். பிறகு புரட்டிப் போட்டு சதைப்பக்கம். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது, இழுத்துத் தைத்த ஆறாம் மாதம் அதே கோட்டில் பிளக்கும்.

அடுத்தது இழுவை. தோலை இரண்டு கையில் பிடித்து முதுகெலும்பு வாக்கில் இழுத்தால் கொடுக்காது. வயிற்றுப் பக்கம் இழுத்தால் பழைய பனியன் மாதிரி வரும். கழுத்தில் மடிப்புச் சுருக்கம், கால் பக்கம் தளர்ச்சி. முதுகை ஒட்டி ஓடும் பட்டையும் பின்தொடை மேல்பாகமும்தான் உறுதி. பெல்ட்டையும் பையின் தோள்வாரையும் அங்கேயிருந்து, முதுகு வாக்கில் நீளமாக எடுக்க வேண்டும். வயிற்றில் எடுத்த பெல்ட் ஆறு மாதத்தில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வைக்கும். போட்டவர் தான் இளைத்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார். ஷூவின் முன்பகுதி நீளவாக்கில் இழுபடவே கூடாது, அகலவாக்கில் மட்டும் கொஞ்சம் இளகலாம். சாயங்காலம் கால் வீங்கும்போது அந்த இளக்கம்தான் கடிக்காமல் காப்பாற்றுகிறது.

என்ன தோல் என்பதும் கணக்கில் சேரும். குரோம் உப்பால் பதனிட்டது மெத்தென்று இருக்கும், வளையும், நீளும். நம் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கே நடந்த அந்தவகைத் தோல் தொழிற்சாலையால்தான். மரப்பட்டையால் பதனிட்டது விறைப்பு. நகம் பட்டாலும் குறி விழும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கறை. அந்தக் காலத்தில் இங்கே அதற்கு ஆவாரம்பட்டைதான். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதே செடியின் பட்டையில்தான் தோல் பதனிட்டார்கள் என்றால் நம்பமாட்டார்கள். விறைப்பான தோலில் முகப்பக்கம் பேனாவால் கோடு போடாதீர்கள், அழியாது. மொட்டை ஊசியால் லேசாகக் கீறினால் போதும்.

பையன்களின் மூடி பாழான பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. என்ன பொருளானாலும் முதலில் முழுசாக அட்டையில் செய்வேன். வெட்டி, மடித்து, டேப் ஒட்டி நிறுத்தி, உள்ளே சாப்பாட்டு டப்பா நுழைகிறதா என்று பார்த்த பிறகுதான் தோல். புடவைக் கடை அட்டைப்பெட்டி கிடைத்தால் விடமாட்டேன். வழவழப்பான, ஓரம் மசங்காத அட்டை அது. ஒவ்வொரு அட்டையிலும் முகத்தில் "இ" என்றும் முதுகில் "வ" என்றும் எழுதியிருப்பேன். எத்தனை "இ" வெட்டினேனோ அத்தனை "வ" வரும்வரை அட்டையை ஆணியில் மாட்டக் கூடாது. இழுபடக் கூடாத திசைக்கு ஒரு அம்புக்குறி. மூலை வளைவுக்கு, கடைக்காரர்கள் வாங்க மறுக்கும் பத்து ரூபாய் நாணயம். விட்டம் 27 மில்லிமீட்டர். பை மூலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை.

அட்டையில் ஒன்று மட்டும் தெரியாமல் போகும்: கனம். ஒன்றரை மில்லிமீட்டர் தோலை ஓரம் மடித்து, இன்னொரு மடித்த ஓரத்தோடு சேர்த்தால் நான்கு அடுக்கு, ஆறு மில்லிமீட்டர். ஊசி அங்கே முக்கும். அதனால் எந்த ஓரம் மடிகிறது, எந்த ஓரம் வெட்டியபடியே நிற்கிறது என்று அட்டையிலேயே குறித்து, மடிகிற ஓரத்தை முன்கூட்டியே பாதிக் கனத்துக்குச் சீவிவிட வேண்டும். ஸ்கைவிங் என்பார்கள். மெஷின் உண்டு, நான் இன்னும் கடப்பைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியால்தான் சீவுகிறேன். சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய துண்டுக் கல், கல் கடைப் பக்கம் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இனி விலைக்கு வருவோம். தோல் சதுரடிக் கணக்கில் விற்கிறது. சதைப்பக்கத்து மூலையில் அளவு எழுதியிருக்கும். 5 என்று போட்டு அதன் தலைமேல் குட்டியாக 2 இருந்தால், ஐந்தும் இரண்டு காலும், அதாவது ஐந்தரை. நான் முதல் தடவை மண்டிக்குப் போனபோது அதை ஐம்பத்திரண்டு என்று படித்து, என்ன மாடய்யா இது என்று மிரண்டேன்.

ஒரு சாதாரணக் கைப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். முன், பின் இரண்டும் 14-க்கு 12 அங்குலம்: 336 சதுர அங்குலம். அடிப்பக்கம் 14-க்கு 4: 56. பக்கவாட்டு இரண்டு, 12-க்கு 4: 96. கைப்பிடி இரண்டு, 22-க்கு ஒன்றேகால்: 55. உள் பாக்கெட் 8-க்கு 6: 48. கூட்டினால் 591. ஒரு சதுரடிக்கு 144 சதுர அங்குலம் என்பதால் நான்கு சதுரடிக்குக் கொஞ்சம் மேல். நான்கேகால் வாங்கினால் போதும் என்று நினைத்தால் கைப்பிடி இருக்காது. தோலுக்கு நேரான ஓரம் கிடையாது. கால், கழுத்து, பழுது, துண்டுகளுக்கு நடுவே விழும் சந்து என்று என் பட்டறையில் நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறையாமல் போகிறது. ஆக ஐந்தரை. சதுரடி நூறு ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு பைக்கு நூற்று இருபத்தைந்து ரூபாய் வித்தியாசம். புதிதாகத் தொழில் தொடங்கி, பை நன்றாகப் போகிறது, கையில் காசு நிற்கவில்லை என்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஷூ கம்பெனிகளில் இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ஒரே அட்டையை நெருக்கமாக இரண்டு வரிசை வைத்து வரைந்து, பக்கத்துப் பக்கத்து நான்கு துண்டுகளில் ஒரே புள்ளியை, மூக்கு நுனி என்று வையுங்களேன், கோட்டால் சேர்த்தால் ஒரு சாய்ந்த கட்டம் வரும். ஒரு துண்டு சந்தோடு சேர்த்து உண்மையில் எவ்வளவு தோலைத் தின்கிறது என்பது அந்தக் கட்டத்தின் பரப்புதான். அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கட்டம் எப்போது சின்னதாகிறது என்று பார்ப்பார்கள். பாய்க்குக் கோடு எதுவும் வேண்டாம். துண்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார், பூட்டில் சாவி விழுகிற மாதிரி ஒரு இடத்தில் பதிந்துவிடும். பெரியதும் வெளியே தெரிவதும் முதலில், முதுகில். ஜோடியாக வருவது பக்கத்துப் பக்கத்தில், நிறமும் மேடுபள்ளமும் ஒத்துப்போக. மறைவாக உள்ளே போவது வயிற்றில். சந்தில் வாரின் வளையம், சாவிக்கொத்து.

இவ்வளவு பாடம் படித்தவள், அறை விஷயத்தில் அட்டையை மறந்தேன். மெஷின் வந்த அன்று இறக்கின இடத்திலேயே அது நின்றுவிட்டது. வெட்டும் மேஜை நடுவில், பசை ஓரத்தில், தோல் பின்னால், சுத்தியல் வேலை ஷட்டர் வாசலில். கார் கம்பெனியில் இருக்கும் என் தம்பி ஒரு நாள் வந்து, ஸ்டூலைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். அறையின் வரைபடம் ஒன்றைப் போட்டு, நான் ஒவ்வொரு தடவை எழுந்து நடக்கும்போதும் பென்சிலைத் தூக்காமல் கோடு இழுத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க லைன்ல இதுக்கு ஸ்பகெட்டி டயகிராம்னு பேருக்கா."

காகிதத்தைப் பார்த்தால் ஒரு தட்டு இடியாப்பம். ஒரே ஒரு பைக்காகப் பசை மேஜைக்கு ஒன்பது தடவை போயிருந்தேன். இரண்டு பெண்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போன கோடுகள் தனி.

அன்றைக்கு ராத்திரி கட்டம் போட்ட காகிதத்தில், அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அறையை வரைந்து, மேஜை, மெஷின், அலமாரி எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி நகர்த்தினோம். மெஷினை வரைகிறவர்கள் ஆளை வரைவதில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ மூன்றடி வேண்டும். மெஷினுக்கு இடப்பக்கம் தைத்த பொருள் சரிய இடம் வேண்டும். சுவரை ஒட்டினால் பெரிய பை மடங்கிக்கொண்டு தையல் கோணும். மாட்டுத் தோலில் பாதி விரித்தாலே ஏழடி நீளம், ஆகவே ஏழடிக்குக் குறைந்த மேஜை வேலைக்காகாது. கடைசியில் அறை "ப" எழுத்து மாதிரி அமைந்தது. தோல் ஷட்டர் வழியாக வந்து இடச்சுவரை ஒட்டி வெட்டு, சீவல் என்று போய், பின்சுவரில் பசை, வலச்சுவரை ஒட்டித் தையல், ஓரப்பூச்சு என்று திரும்பி, வந்த வாசலிலேயே பையாக வெளியே போகும். சுத்தியல் மேஜையின் நடுவில் அடித்தால் துள்ளும். கால் இருக்கும் மூலைக்கு நேர்மேலே அடித்தால் துள்ளாது, பக்கத்துக் கடைத் தையல்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

வெளிச்சம் வடக்கிலிருந்து வர வேண்டும், நேர் வெயில் படாது, நிறம் மாறித் தெரியாது என்று புத்தகங்களில் இருக்கும். குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியது. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் என் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் இறங்கி, மேஜையில் விரித்த பழுப்புத் தோலில் ஜன்னல் கம்பியை வரி வரியாக அச்சடித்தது. இப்போது வெளியே ஓலைத் தட்டி.

பசையைப் பின்சுவருக்குத் தள்ளினோம் என்றேன். அங்கே ஏற்கெனவே சாமி மாடம். வெள்ளிக்கிழமை விளக்கு, அதற்கு நேர் கீழே திறந்த பசை டப்பா! தோலுக்குப் போடும் பசையில் இருப்பது பெரும்பாலும் டொலுவீன் போன்ற கரைப்பான். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். அதனால் உறிஞ்சு விசிறியை எல்லோரும் மாட்டுகிற மாதிரி கூரையோரம் மாட்டாமல் முழங்கால் உயரத்தில் மாட்டினேன். மாட்டிய எலக்ட்ரீஷியன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாமியை வாசலுக்கு அருகே குடிவைத்தோம். ஆயுதபூஜைக்குக் கத்தி, குத்தூசி எல்லாம் அங்கே வந்து வரிசையில் நிற்கும்.

தோலை மடித்து வைக்கக் கூடாது, மடிப்பு போகவே போகாது. பிளாஸ்டிக் குழாயில், முகம் வெளிப்பக்கம் வர, சுருட்டி வைக்கிறேன். கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டடி உயரம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீராய் நின்றபோது நான் கம்பெனியில்தான் இருந்தேன். தெரிந்த ஒருவர் பட்டறையில் தரையில் அடுக்கியிருந்த தோல் அத்தனையும் ஊறிப்போனதை நேரில் பார்த்தேன். வெள்ளம் வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பூக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி விட்டால் பாதி பிரச்சினை தீரும்.

இந்தக் கடை கிடைப்பதற்கு முன் நான்கு இடம் பார்த்தேன். ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து, என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "மேல பூஜை ரூம் இருக்கும்மா" என்றார். கீழே செருப்புக் கடை வைக்கலாமா என்றேன், அது வேறயாம். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை மேல்கோட்டைக் கோயிலுக்குள் அழைத்துப்போய் திருக்குலத்தார் என்று பெயர் வைத்தார் என்று வைணவ மரபு சொல்கிறது. ஆயிரமாவது ஆண்டை 2017-ல் ஊரே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் தேர் போன தெருவில்தான் அந்த வீடும் இருக்கிறது. அறையைத் திட்டமிடுவது எப்படி என்று சொல்ல வந்தவள் இதை விட்டுவிட்டால், வாடகை என்ற ஒரு வரி என் கணக்கில் குறையும்.

போன வாரம் மடிக்கணினிப் பை ஆறுக்கு ஆர்டர். வந்த மாட்டுத் தோல் நல்ல தோல்தான், ஆனால் முதுகின் நடுவில், எங்கே இருக்கக் கூடாதோ அங்கே, முக்கால் அடிக்கு ஒரு வேலிக் கீறல். புதிதாக வந்த பெண் அதைப் பார்த்து, "திருப்பி அனுப்பிடலாமாக்கா?" என்றாள். அட்டைகளை எடுத்துவரச் சொன்னேன். முன், பின் என்று வரும் பெரிய துண்டு இரண்டையும் கீறலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தோம். மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கீறல் மூடிக்கு அடியில், இன்னொரு தோல் மறைக்கிற ஓரத்தில் விழுகிற மாதிரி அவளே வைத்தாள். அம்புக்குறியையும் பார்த்தாள்; "இ", "வ" எண்ணினாள். ஒரு பாக்கெட்டுக்கு மட்டும் இடம் அகப்படவில்லை. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அட்டைகளை அசைக்காமல், மேலே செய்தித்தாளைப் பரப்பிவிட்டு ஷட்டரை இறக்கினோம்.